ஓட்டுக்கு 18 சரி... குவார்ட்டருக்கும் 18-ஆ?

எங்கள் காலனியில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் நான்கைந்து பேர் சேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது நானும் போய் உட்காருவேன். அப்படிப் போயிருந்த ஒரு நாள், பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் செல்போனை என் பக்கம் நீட்டினான். ‘‘அண்ணா, இதப் பாருங்க. கரெக்டாத்தான சொல்றாங்க?’’ என்றான்.

ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ. முதலில் தோளில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். 18 வயதில் நாட்டுக்காகச் சாகலாம், ஒரு பீர் குடிக்கக் கூடாதாம் என்று மேலே எழுத்து ஓடுகிறது. அடுத்து மை வைத்த விரல். 18 வயதில் ஆட்சியையே மாற்றலாம், ஆனால் கடையில் போய் நிற்கக் கூடாதாம். அடுத்து புதுச்சேரிக் கடற்கரை. அங்கே 18, இங்கே 21, நாம் என்ன பாவம் செய்தோம் என்று ஒரு கேள்வி. கடைசியாக நான்கு பேர் கோப்பையை மோதிக்கொண்டு சிரிக்கிறார்கள். முடிந்தது.

வகுப்பில் இருந்த பையன்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பெண் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர்களுக்கு அக்கறை. அவர்களில் இரண்டு மூன்று பேர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

‘‘குடி கெட்டது, போய்ப் படி’’ என்று சொல்லி முடித்துவிடலாம். அது பதில் ஆகாது. பையன் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவனிடம் சொன்னதையும், அப்போது சொல்ல வராமல் பிறகு யோசித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் செய்கிற வாதம்

எழுத்தில் ஒருவர் வாதம் செய்தால், எங்கே இடறுகிறார் என்று நாம் நிறுத்திப் பார்க்கலாம். படம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. துப்பாக்கியும் பீரும். மை விரலும் கடைப் படிக்கட்டும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். நாமே நிரப்பியதால் அது நம்முடைய சொந்தக் கருத்து போலவே தோன்றுகிறது.

அந்தச் சிப்பாய் படத்துக்கு ஒரு கதை உண்டு. அது அமெரிக்கக் கதை. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் பிடித்து அனுப்பினார்கள். ஓட்டுப் போடும் வயதோ 21. சண்டைக்குப் போகிற வயது வந்தால் ஓட்டுப் போடுகிற வயதும் வந்துவிட்டது என்று மாணவர்கள் போராடினார்கள். 1971-இல் அமெரிக்க அரசமைப்பின் 26-ஆவது திருத்தம் வந்து, ஓட்டு வயது 18 ஆனது. அந்த வேகத்தோடு பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் 18, 19 என்று இறக்கிவிட்டன.

அதற்குப் பிறகு நடந்ததை வீடியோ காட்டுவதில்லை. இளைஞர்கள் குடித்துவிட்டு ஓட்டிய வண்டிகளால் சாலைச் சாவுகள் கூடின. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அமைப்பாகத் திரண்டார்கள். 1984-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழும் என்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்குத் திரும்பிவிட்டன. அந்தச் சிப்பாய் படம் இறக்கச் சொல்கிற வயதை, அந்த நாடே ஒருமுறை இறக்கிப் பார்த்து, பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டது.

2008-இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள், 21 வயதுச் சட்டத்தை மறுபடி விவாதிக்க வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியும் அதை எடுத்துப் பேசியது. விவாதம் நடந்தது. வயது இன்றைக்கும் 21-தான்.

நியூசிலாந்து 1999-இல் மது வாங்கும் வயதை 20-இலிருந்து 18 ஆகக் குறைத்தது. பிறகு ஆராய்ந்தவர்கள், 18, 19 வயதுக்காரர்களிடம் மட்டுமல்ல, 15 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளிடமும் சாலை விபத்துக் காயங்கள் கூடியதைக் கண்டார்கள். சட்டம் 15 வயதுப் பிள்ளைக்கு எந்த அனுமதியும் தரவில்லை. பிறகு எப்படி? இதை நம் பிள்ளைகளால் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். 21 வயதுக்காரன் கல்லூரியை முடித்துவிட்டுப் போய்விடுகிறான். 18 வயதுக்காரன் பிளஸ் டூ வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வயதை 18 ஆக்கினால், கடைக்குப் போய் வாங்கி வரக்கூடிய ஆள் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருப்பான். 18-க்குத் திறக்கிற கதவு வழியாக 15-உம் நுழையும்.

மை வைத்த விரல்

அடுத்தது ஓட்டு. நம் நாட்டில் ஓட்டு வயதை 21-இலிருந்து 18 ஆக்கியது 61-ஆவது அரசமைப்புத் திருத்தம். 1989-இலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் 18 என்று சட்டம் சொல்லவில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆக 25 வயது வேண்டும். குடியரசுத் தலைவர் ஆக 35 வேண்டும். ஆண்பிள்ளைக்குக் கல்யாண வயது 21. எந்த வேலைக்கு எந்த முதிர்ச்சி வேண்டும் என்று பார்த்துத்தான் வயது வைத்திருக்கிறார்கள். ஓட்டுப் போடுவதால் யார் ஈரலும் கெடுவதில்லை. மனித மூளை 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. எவ்வளவு சின்ன வயதில் குடி தொடங்குகிறதோ, பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் ஆபத்து அவ்வளவு அதிகம் என்றும் சொல்கிறது. 21 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் 18-ஐவிட மூன்று வருடம் நல்லது.

ஓட்டையும் சாராயத்தையும் ஒரே படத்தில் வைத்த அந்த வீடியோக்காரருக்கு நம் தெருவின் தேர்தல் தெரிந்திருக்காது. இங்கே ஓட்டும் குவார்ட்டரும் எப்போதோ சேர்ந்தே வந்துவிட்டன. ஓட்டுப்பதிவுக்கு முந்தைய ராத்திரி காலனிக்குள் வருகிற பையில் என்ன இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் ஓட்டுப் போடப் போகிற பையனுக்கும் அதில் பங்கு உண்டு. அம்பேத்கர் போராடிப் பெற்றுத் தந்த ஒரு மனிதனுக்கு ஒரு மதிப்பு என்ற உரிமையை 180 மில்லிக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் குடிக்கும் வயது குறைவது வசதிதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரி வாதம் நமக்கு ரொம்ப நெருக்கமானது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் மதகடிப்பட்டு, கடலூரிலிருந்து வடக்கே போனால் முள்ளோடை. எல்லையைத் தாண்டினால் வயது 18. தாண்டுவதற்கு அரை நிமிடம் ஆகாது.

பக்கத்தில் குறைவாக இருப்பதால் நாமும் குறைக்க வேண்டும் என்பது புது வாதமல்ல. 2021-இல் டெல்லி அரசு 25 என்ற வயதை 21 ஆகக் குறைப்பதாக அறிவித்தபோது, பக்கத்து நொய்டாவில் 21 என்பதைத்தான் காட்டினார்கள். அதே ஆண்டு ஹரியானா, டெல்லியைக் காட்டி 25-ஐ 21 ஆக்கியது. இப்படி ஒருவர் மற்றவரைக் காட்டிக் காட்டி இறங்கினால் எங்கே போய் நிற்கும்? 2023 ஜனவரியில் கர்நாடக அரசு 21-ஐ 18 ஆக்க வரைவு விதி வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் கைவிட்டது. கேரளம் எதிர்த்திசையில் போனது. 2017-இல் 21-ஐ 23 ஆக ஏற்றியது. பக்கத்து மாநிலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றால் கேரளமும் பக்கத்து மாநிலம்தானே? வீடியோவில் ஏன் முள்ளோடை மட்டும் வருகிறது, வாளையாறு வரவில்லை?

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டு மேசையிலேயே ஒயின் குடித்துப் பழகுகிறார்கள், அதனால் அளவோடு இருக்கிறார்கள் என்று இன்னொரு வீடியோ சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தலைக்கு அதிகம் குடிக்கிற பகுதியே ஐரோப்பாதான். பிரான்ஸ் 2009-இல் மது விற்கும் வயதை 16-இலிருந்து 18 ஆக உயர்த்தியது. லிதுவேனியா 2018-இல் 18-இலிருந்து 20 ஆக உயர்த்தியது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்களே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களிடம் யார் வயது கேட்டார்கள்?

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. இனிச் சொல்வது நம்முடையது.

எனக்கு 14 வயது இருக்கும். ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் மேளத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து நின்று அடித்தோம். மதியம் சோறு வரவில்லை. சாராயம் வந்தது. தூரத்தில் நின்றபடி ஒருவர் ஊற்ற, வரிசையாகக் கையேந்தினார்கள். என் முறை வந்தபோது தயங்கினேன். ஊற்றியவர், ‘‘குடிடா, அப்பத்தான் அடி விழும்’’ என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வயதை யாரும் கேட்கவில்லை. அதே வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் அந்தக் குவளை போயிருந்தால் ஊற்றிய கையை உடைத்திருப்பார்கள்.

அன்றைக்கு நான் குடித்தேன். பிறகு அதிலிருந்து வெளியே வர எனக்குப் பல வருடம் ஆனது. என்னோடு அன்றைக்கு நின்ற இரண்டு பேர் வெளியே வரவில்லை. நாற்பது வயதைத் தொடவும் இல்லை.

குடிக்கும் வயதைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வயதைச் சாதி எப்போதோ குறைத்துவிட்டது. மேளம் அடிக்க, குழி வெட்ட, பிணம் எரிக்க, செத்த மாட்டை இழுக்க என்று சாதி சுமத்திய ஒவ்வொரு வேலையோடும் ஒரு குவளையைச் சேர்த்தே கொடுத்தது. கூலியில் பாதி சாராயமாக வந்தது. சுயநினைவோடு செய்ய முடியாத வேலையைச் செய்ய வைக்க அது ஒரு தந்திரம். பிறகு, ‘‘இவனுங்க குடிகாரப் பசங்க’’ என்று பெயரும் அவர்களே வைத்தார்கள்.

இந்த நிலையில் 21 என்று எழுதிய ஒரு பலகை நமக்குச் சின்ன விஷயம் அல்ல. ‘‘என் பையனுக்கு இன்னும் வயசாகலை, ஊத்தாதே’’ என்று ஒரு தாய் சட்டத்தைக் காட்டிச் சொல்ல முடிகிற ஒரே இடம் அது. அதை 18 ஆக்கினால், பிளஸ் டூ முடிக்கிற பையனுக்கும் அந்தக் குவளைக்கும் நடுவில் எதுவும் இருக்காது. அவன் கல்லூரிக்குப் போவதா, மேளத்துக்குப் போவதா என்று முடிவாகிற வயது அது.

கேமரா யாரைப் பார்க்கிறது?

மது விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதி இருக்கிறது. குடியை நியாயப்படுத்தும், பெருமைப்படுத்தும் காட்சிகள் கூடாது என்று திரைப்படத் தணிக்கை வழிகாட்டுதல் 1991-இலிருந்து இருக்கிறது. ஆனால் சினிமாவில் நாயகன் காதலில் தோற்றால் டாஸ்மாக். ஜெயித்தால் டாஸ்மாக். நண்பனைப் பார்த்தால் டாஸ்மாக். மூலையில் சின்ன எழுத்தில் எச்சரிக்கை ஒரு பக்கம், திரை முழுக்கக் கொண்டாட்டம் ஒரு பக்கம். யாரும் வாய் திறந்து 21-ஐ 18 ஆக்கு என்று வசனம் பேசுவதில்லை. பேசத் தேவையில்லை. நாயகனோடு உட்கார்ந்து குடிக்கிற பையன் கல்லூரி முதல் வருடம் படிப்பவனாக இருந்தால் போதும்.

டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய பாடல் காணொலிகளுக்காக 2015-இல் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டதை நினைவில் வைத்திருங்கள். குடிக்கச் சொல்லி எத்தனையோ பாட்டு வந்தது. அதற்காக யாரையும் ராத்திரியில் வந்து பிடித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் ரூ.45,855 கோடி. அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தால் காரணம் புரியும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற ஏழைகள். அப்போது எல்லா கேமராவும் வந்தது. ஒரே தெருவில் வரிசையாகப் பிணங்கள், அழுகிற பெண்கள், எரிகிற சிதைகள். அரசு ரூ.10 லட்சம் நிவாரணம் அறிவித்ததும் செல்போன்களில் கேலிப் படங்கள் பறந்தன. குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா என்று கேட்டார்கள். நகரத்துப் பையன் கோப்பையைத் தூக்கினால் அது சுதந்திரம். நம் தெருவில் ஒருவன் குடித்தால் அது கேவலம். இரண்டையும் காட்டுவது ஒரே திரைதான். முதல் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிற நம் பிள்ளை, கடைசியில் இரண்டாவது படத்துக்குள் போய் விழுகிறான்.

வேறு மாதிரிப் படமும் எடுக்க முடியும். 2025 ஜனவரியில் பா.ரஞ்சித் தயாரிப்பில் வந்த ‘பாட்டல் ராதா’ குடிநோயாளியைக் கேலிப் பொருளாக்காமல், அவன் குடும்பம் படும் பாட்டையும் மறுவாழ்வு மையத்தின் உள்பக்கத்தையும் காட்டியது. அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

‘‘சட்டம் இருந்தும் குடிக்கிறாங்களே?’’

அந்தப் பையன் கடைசியாக இதைத்தான் கேட்டான். ‘‘21-ன்னு போர்டு இருக்குதுண்ணா. ஆனா எங்க கிளாஸ்லயே வாங்கிக் குடிக்கிறான். அப்புறம் எதுக்கு அந்தச் சட்டம்?’’

உண்மை. பல கடைகளில் யாரும் வயதைக் கேட்பதில்லை. கேட்டாலும் வாங்கிக் கொடுக்க ஓர் அண்ணன் கிடைப்பான். ஆனால் மீறப்படுகிறது என்பதற்காகச் சட்டத்தை எடுத்துவிடலாமா? 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்றைக்கும் எத்தனை காவல் நிலையங்களில் மீறப்படுகிறது? அதைக் காட்டி அந்தச் சட்டமே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் வாதத்தை நாமே இங்கே தூக்கிக்கொண்டு வரலாமா? சட்டம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால், நடத்து என்றுதான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை சில உண்டு. வயதுச் சான்று பார்க்காமல் விற்கிற கடை மீது நடவடிக்கை வேண்டும். சாவு வேலைக்கும் எந்த வேலைக்கும் கூலியைப் பணமாகத்தான் வாங்குவோம், மதுவாக வாங்க மாட்டோம் என்று ஒவ்வொரு காலனியும் முடிவெடுக்க வேண்டும். அதைவிட மேல், அந்த வேலைக்குச் சாதி பார்த்து ஆள் கூப்பிடுவதையே நிறுத்த வேண்டும். படிக்கிற பிள்ளையை அதற்கு அனுப்பவே கூடாது. கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே குடியில் விழுந்தவரைத் திட்டாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். குடிநோய் ஒரு நோய். வெட்கப்பட ஒன்றுமில்லை.

1992-இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றது எழுத்தறிவு இயக்க வகுப்பு. பாடப்புத்தகத்தில் சாராயத்தை எதிர்த்த பெண்கள் பற்றிய கதையைப் படித்துவிட்டு, நாமும் ஏன் செய்யக் கூடாது என்று எழுந்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993-இல் அரசே சாராயத்தைத் தடை செய்தது. 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அது ஒழுக்கப் பாடம் மட்டும் அல்ல. நம்மை மயக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில்.

எங்கள் சாயங்கால வகுப்பும் எழுத்துப் படிக்கிற இடம்தான். பிள்ளைகளே, உங்கள் கையிலும் செல்போன் இருக்கிறது, அதில் கேமரா இருக்கிறது. மை வைத்த விரலுக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று நீங்களும் முடிவு செய்யலாம். கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்து நிற்கிற குழந்தையை, முகம் காட்டாமல், அந்தக் கால்களை மட்டும் வைத்துப் பாருங்கள். கூலியைப் பணமாக எண்ணி வாங்குகிற கையை வைத்துப் பாருங்கள். அதையும் ஒரு நிமிடத்தில் சொல்ல முடியும்.

அந்தப் பையனுக்கு வரும் ஆண்டு 18 முடிகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தை அவனுக்கு நானே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவன் ஓட்டுப் போடட்டும். முந்தைய ராத்திரி வருகிற பையைத் திருப்பி அனுப்பிவிட்டு, தெளிந்த தலையோடு போய்ப் போடட்டும்.